கோவைக்கொடிக்கு ஒரு ஜாமீன்

எங்கள் வீட்டுக் கோவைக்கொடிக்கு நெய்வேலிப் பதினாறாம் பிளாக்கில் வைக்காத பேர் இல்லை. பூக்காரி, மினுக்கி, சோம்பேறி, கடைசியில் மலடி. கடைசிப் பேரை வைத்தவர் என் நாத்தனார் ஆரோக்கியமேரி. கொடியைப் பார்த்துத்தான் சொன்னார். ஆனால் சொல்லும்போது நான் கொடிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அவருக்கு லேசாக மாறுகண் வேறு. யாரைப் பார்த்துச் சொன்னார் என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது.

என் பெயர் ஜெயசெல்வி. வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறேன். என் வீட்டுக்காரர் லூர்துசாமி சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பக்கம் ஃபிட்டர், பர்மனென்ட். கல்யாணமாகி ஒன்பது வருஷம். குழந்தை இல்லை. இவ்வளவு சொன்னால் போதும், மீதியை நீங்களே ஊகித்திருப்பீர்கள். எல்லோரும் ஒரே மாதிரிதான் ஊகிக்கிறார்கள். குறை எனக்குத்தான் என்று.

டவுன்ஷிப் ஆஸ்பத்திரியில் எனக்கு எடுக்காத டெஸ்ட் இல்லை. ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், என்னென்னவோ எடுத்தார்கள். ஒவ்வொரு டாக்டரும் கடைசியில் ஒன்றைத்தான் சொன்னார்: "உங்களுக்கு ஒண்ணும் இல்லம்மா. அடுத்த தடவை வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்க." இந்தச் செய்தியை நான் வீட்டுக்குச் சுமந்து வந்து அவர் காதில் போடுவேன். அவர் தலையை ஆட்டுவார். ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய நாளில் ஒன்று நைட் ஷிஃப்ட் முடிந்து அசந்து தூங்குவார், இல்லாவிட்டால் பெல்ட் கிழிந்துவிடும். அவர் சொன்ன கணக்குப்படி பார்த்தால் அந்தச் சுரங்கத்தில் முழு பெல்ட் என்று ஒன்று இருந்திருக்கவே முடியாது.

இதற்காக அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். சம்பளத்தை அப்படியே கையில் கொடுப்பார். என் தலைவலிக்கு அவர் காபி போடுவார். கறி வாங்கினால் ஈரல் எனக்குத்தான். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் சரியான பயந்தாங்கொள்ளி. எனக்கு வேண்டியதும் இந்த ஒன்றே ஒன்றுதான். ஒரு தடவை, ஒரே தடவை, அவர் என்னோடு அந்த ஆஸ்பத்திரிப் படி ஏறவேண்டும். பிள்ளை பிறக்கிறதோ இல்லையோ, அது ஆண்டவர் பாடு. யாரிடம் குறை என்று பார்க்காமலே என் தலையில் கட்டிவிட்டார்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

சரி, கொடிக்கு வருகிறேன்.

எங்களுக்குப் பால் ஊற்றுகிற பொன்னம்மாளுக்குப் பக்கத்து ஊர் வடக்குத்தில் வீடு. வேலி முழுக்கக் கோவை படர்ந்திருக்கும். பண்ருட்டி போகும்போதெல்லாம் பஸ்ஸிலிருந்து பார்ப்பேன். தொண்ணூற்றெட்டாம் வருஷம் மழை தொடங்கியதும் ஒரு தண்டு கேட்டேன். "நீயே வந்து எடுத்துகினு போம்மா" என்றார். போனேன். வேலி மூலையில் இருந்த ஒரு கொடியைக் காட்டி, "இத்த எடுத்துக்கோ" என்றார். எனக்கு அது பிடிக்கவில்லை. ஒல்லிக் கொடி. இலையெல்லாம் தெர்மல் பவர் ஸ்டேஷன் சாம்பல் படிந்து, நாள்பட்ட சீக்காளி போலக் கிடந்தது. அதற்குப் பக்கத்திலேயே இன்னொன்று. தண்டு கட்டைவிரல் தடிமன். ஐந்து மூலை வைத்த இலை பளபளவென்று விரிந்திருந்தது. கணுவுக்குக் கணு பூ.

"எனக்கு இதான் வேணும்" என்றேன்.

"அது வந்தும்மா..." என்று பொன்னம்மாள் ஆரம்பித்தார். அதற்குள் அவருடைய கன்றுக்குட்டி கயிற்றை அறுத்துக்கொண்டு பக்கத்துக் கொல்லையில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைச் செடிக்குள் இறங்கிவிட்டது. அவர் அதன் பின்னால் ஓடினார். நான் எனக்குப் பிடித்த தண்டை நானே வெட்டி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வைத்த இடத்தில் அது சும்மா இருக்கவில்லை. மழை விடுவதற்குள் வேலிக் கம்பியைப் பிடித்தது. தை மாதம் துணி காயப்போடும் கயிற்றைப் பிடித்தது. ஒருநாள் என் வீட்டுக்காரருடைய சைக்கிள் பிரேக் கம்பியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. குந்தி உட்கார்ந்து பார்த்தார். கொடியிலிருந்து நூல் போல ஒன்று நீண்டுவந்து எதையாவது பிடித்துக்கொள்கிறதே, அதில் அவருக்கு ஒரே மயக்கம்.

"செல்வி, இங்க வந்து பாரேன். பிடிக்கற வரைக்கும் நேரா நீளுது. பிடிச்சப்புறம்தான் ஸ்பிரிங் மாதிரி சுத்திக்குது. அதுவும் பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். ஒரே பக்கமா சுத்துனா முறுக்கிகினு அறுந்துபூடும். எந்த ஃபிட்டர் சொல்லிக் குடுத்தான் இதுக்கு?"

அந்த மயக்கத்தில் பழைய பைப்புகளை ஊன்றி, கம்பி இழுத்து, ஒரு பந்தலும் போட்டார். துணி துவைக்கும் கல்லுக்கு மேலே நல்ல நிழல் விழுந்தது. பங்குனியில் பூக்க ஆரம்பித்தது. வெள்ளைவெளேரென்று ஐந்து முனை வைத்த பூ. இலைக்கு ஒரு பூ என்று பந்தல் முழுக்கப் பூ. தேனீ வந்தது, எறும்பு வந்தது, பிளாக்கில் இருக்கிற பெண்கள் அத்தனை பேரும் வந்தார்கள். காய் மட்டும் வரவில்லை.

காலையில் பூக்கும். மறுநாள் வாடித் துவைகல் மேல் விழும். நான் பெருக்கித் தள்ளுவேன். சித்திரை போய் வைகாசியும் வந்துவிட்டது. அப்போதும் அதே பூ, அதே பெருக்கல்.

எங்கள் டவுன்ஷிப்பில் எல்லா மாவட்டத்து ஆட்களும் இருக்கிறார்கள். ஆகவே எல்லா மாவட்டத்து வைத்தியமும் இருக்கிறது. பக்கத்து குவார்ட்டர்ஸ் ஜானகியம்மாள் புளித்த மோரில் பெருங்காயத்தைக் கரைத்துக் கொண்டுவந்து தெளித்தார். அந்த வாடையில் இரண்டு நாள் நாங்கள் பின்கதவைத் திறக்கவில்லை. தலைமுழுகின தண்ணீரை வேரில் ஊற்றக்கூடாது என்றார் ஒருவர். சாம்பல் படிவதால்தான் காய்க்கவில்லை என்றார் இன்னொருவர். கண்ணேறு என்று சொல்லி ஜானகியம்மாளே ஒரு பழைய செருப்பைக் கொண்டுவந்து பந்தல் காலில் கட்டினார்.

இதெல்லாம் எனக்குப் புதிதில்லை. மோருக்குப் பதில் எனக்கு வேப்பங்கொழுந்து உருண்டை. தலைமுழுகக் கூடாத நாள், முழுகவேண்டிய நாள் என்று எனக்கும் தனியாக இருந்தது. வேளாங்கண்ணியில் மணலில் முட்டி போட்டு நடந்ததில் இன்னும் முட்டியில் தழும்பு இருக்கிறது. எனக்குச் செருப்பு கட்டவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். அதனாலோ என்னவோ, எனக்கு அந்தக் கொடிமேல் ஒரு பாசம். காலையில் பூ பெருக்கும்போது, "நீ பாட்டுக்குப் பூத்துகினு இரு, இவங்க கெடக்குறாங்க" என்று அதனிடம் சொல்வேன்.

இந்த நிலைமையில்தான் முத்தாண்டிக்குப்பத்திலிருந்து நாத்தனார் வந்தார். பையை இறக்கி வைக்கும் முன்பே பின்பக்கம் போய்ப் பந்தலை அண்ணாந்து பார்த்தார்.

"இன்னாடி இது, இம்மாம் பூ பூத்துகினு ஒரு பிஞ்சு கூட இல்ல? மலடி! மலட்டுக்கொடி வூட்டுல படந்துகினு இருந்தா வூடு எப்பிடி வெளங்கும்?"

"காய்க்கும் அண்ணி" என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னேன்.

"எங்க காய்க்குது? நீயும் சொல்லிகினுதான் இருக்க." சேலைத் தலைப்பை உதறிச் செருகிக்கொண்டார். "எங்க ஊர்ல பலா காய்க்கலன்னா இன்னா செய்வாங்க தெரியுமா? அருவாளக் காட்டி மெரட்டுவாங்க. ஒருத்தர் வெட்டப் போவணும், வூட்டு ஆம்பள குறுக்க வந்து ஜாமீன் சொல்லணும். அடுத்த வருசம் மரம் தாங்காது, அப்பிடிக் காய்க்கும். ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சதும் நான் அருவாளோட வரேன். தம்பிய வீக்லி ஆஃப் போடச் சொல்லு."

"மெரட்டியும் காய்க்கலன்னா?"

"வெட்டிப் போட்டுட வேண்டியதுதான்."

அவர் போன பிறகு எனக்கு வந்த கோபத்தில் இரண்டு ஜாக்கெட்டுக்குக் கையைத் திருப்பித் தைத்துவிட்டேன். யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. நாத்தனாரைக் கேட்க முடியாது, வீட்டுக்காரரைக் கேட்டுப் பயனில்லை. மிச்சம் இருந்தவர் பொன்னம்மாள்தான். எனக்குப் போலித் தண்டைக் கொடுத்துவிட்டார் என்று முடிவு கட்டினேன். வெட்டியது நான்தான் என்பது அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை. சனிக்கிழமை ஒரு பூவைப் பறித்துக்கொண்டு, சண்டை போடுவதற்காகவே பஸ் பிடித்து வடக்குத்துக்குப் போனேன்.

பொன்னம்மாள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். நான் வேலிக்குப் போய், அவர் முதலில் காட்டிய அந்தச் சீக்காளிக் கொடியைப் பார்த்தேன். காய்த்துத் தொங்கியது. பச்சையில் வெள்ளை வரி ஓடிய காய்கள், கிளி கொத்திய சிவப்புப் பழங்கள். அதிலிருந்து ஒரு பூவைப் பறித்து, என் கையிலிருந்த பூவோடு வைத்து, "எம் பூவுக்கு இன்னா கொறச்சல்?" என்று கேட்கப்போனேன்.

கேட்கவில்லை.

மேலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே பூ. அதே வெள்ளை, அதே ஐந்து முனை. திருப்பிப் பார்த்தால் வேறு வேறு. அவருடைய பூவுக்கு அடியில் நெல்மணி அளவுக்கு ஒரு குட்டிக் கோவைக்காய் ஒட்டிக்கொண்டிருந்தது. பூக்கும்போதே வயிற்றோடு பூத்திருந்தது அது. என் பூவுக்கு அடியில் வெறும் காம்பு. மூன்று மாதமாகக் கூடை கூடையாகப் பெருக்கித் தள்ளினேனே, ஒரு பூவைக்கூட நான் திருப்பிப் பார்க்கவில்லை.

"அத்தத்தான் அன்னிக்கே சொல்ல வந்தேன்" என்றார் பொன்னம்மாள். "இது காய்க்கற கொடி, அது காய்க்காத கொடி. எங்க மாமனார் காலத்துலருந்து அப்பிடித்தான்."

"ஏன் அப்பிடி?"

"அது யாருக்குத் தெரியும்? ஆனா காய்க்காதத வெட்டிட்டா இதுவும் சரியாக் காய்க்கறதில்லம்மா. அதான் வுட்டு வெச்சிருக்கோம்."

இரண்டு பூவையும் ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு வந்தேன். பின்பக்கத்து குவார்ட்டர்ஸ் நந்தினி, பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூவுக்குத் தாவரவியல் எடுக்கிற பெண். அவள் வாசலிலேயே நின்று இரண்டையும் இதழ் பிரித்துப் பார்த்தாள்.

"அக்கா, உங்க பூவில மகரந்தம் மட்டும்தான் இருக்கு. இது ஆண் பூ. பூசணி, பாகல் எல்லாத்துலயும் ஒரே கொடியில ரெண்டு பூவும் வரும். கோவையில அப்படி இல்ல. ஆண் கொடி தனி, பெண் கொடி தனி. உங்க வீட்டுல இருக்கறது ஆண் கொடி."

"கொடியில ஏது நந்தினி ஆம்பள?"

"ஏன், பப்பாளியில இல்லையா? பனையில இல்லையா?"

பனை சரி. பனை மரம், உயரமாக நிற்கிறது, முரட்டுத்தனமாக இருக்கிறது. அதில் ஆண் உண்டு என்றால் யாரும் மறுக்க மாட்டார்கள். பப்பாளியும் அப்படியே. ஆனால் கொடி? பூங்கொடி என்று பெண்ணுக்குப் பேர் வைக்கிறோம், மலர்க்கொடி என்று வைக்கிறோம். கொடி போல இடுப்பு என்கிறோம். கொடி என்று ஒரு ஆண்பிள்ளையை இதுவரை யாராவது கூப்பிட்டிருக்கிறார்களா? கொடி என்றால் பெண் என்று நம் வாய் எப்போதோ முடிவு பண்ணிவிட்டது. அதற்குப் பிறகு கண் பார்க்கவே இல்லை.

"தண்டு வெட்டி வச்சா, எந்தக் கொடியில வெட்டினீங்களோ அதேதான் வரும்" என்றாள் நந்தினி. "நீங்க எப்படிப் பாத்து எடுத்தீங்க?"

"நல்லா வாட்டசாட்டமா, தளதளன்னு இருந்துச்சு. அதான் எடுத்தேன்."

"மாப்பிள்ளையையும் அப்படித்தானேக்கா பாக்கறாங்க" என்று சொல்லிவிட்டு அவள் சிரித்த சிரிப்பில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து அவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நாத்தனார் அரிவாளோடு வரட்டும் என்று காத்திருந்தேன். அன்றைக்கு ராத்திரி எனக்கு வந்த தூக்கம் மாதிரி பல வருஷமாக வந்ததில்லை.

ஞாயிறு பூசை முடிந்தது. நாத்தனார் அரிவாளைப் பழைய தலையணை உறையில் சுற்றி பஸ்ஸில் கொண்டுவந்திருந்தார். கண்டக்டர் என்ன என்று கேட்டதற்குப் பலாக்கொட்டை என்று சொன்னாராம். செய்தி எப்படிப் பரவியதோ, எங்கள் பின்வேலி ஓரமாக பிளாக்கே நின்றது. ஜானகியம்மாள் மணைப்பலகை கொண்டுவந்து வசதியாக உட்கார்ந்துவிட்டார். நந்தினி தன் வீட்டு கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்ததும் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

என் வீட்டுக்காரரைப் பந்தலுக்கு அடியில் நிறுத்தினார்கள். பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"நான் இன்னாக்கா சொல்லணும்?"

"நான் வெட்டப் போவேன். நீ குறுக்க வந்து, 'வெட்டாத, காய்க்கும், நான் ஜாமீன்'னு சொல்லணும். மூணு வாட்டி."

"அவ்ளோதானே?"

"அவ்ளோதான். மனசாரச் சொல்லணும்."

நாத்தனார் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு அரிவாளை ஓங்கினார். அவருக்குள் இப்படி ஒரு நாடகக்காரி இருந்தது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"ஏண்டி! தண்ணி ஊத்தி, எரு போட்டு, எந்தம்பி கையால பந்தல் போட்டு வெச்சா, தின்னுட்டுப் பூ வெச்சிகினு மினுக்கறியா? காய்ப்பியா மாட்டியா? சொல்லுடி மலடி!"

"வெட்டாதக்கா. காய்க்கும். நான் ஜாமீன்" என்றார் அவர். மஸ்டர் ரோலில் பேர் கூப்பிட்டதற்குப் பதில் சொல்வதுபோல் இருந்தது.

"இன்னும் சத்தமா சொல்லுங்க, அதுக்குக் காது கேக்கணுமில்ல" என்றார் ஜானகியம்மாள்.

இரண்டாவது தடவை நாத்தனார் இன்னும் மேலே போனார். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஒன்றுக்கும் உதவவில்லை என்றார். ஊரார் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லி மாளவில்லை என்றார். உன்னால் என் தம்பி தலைநிமிர்ந்து நடக்க முடியவில்லை என்றார். கோவைக்கொடியால் ஒரு மனிதன் எப்படித் தலைகுனிவான் என்று யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் விளங்கிவிட்டது. கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக என்னைப் பார்த்தார்கள். அவர் இரண்டாவது முறை ஜாமீன் சொன்னபோது குரல் கம்மிப் போயிருந்தது.

மூன்றாவது தடவை. அரிவாள் மேலே போனது. "கடைசியா கேக்கறேன், இன்னாடி உன் கொற? வாயத் தொறந்து சொல்லுடி!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. துவைகல்லில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். ஜானகியம்மாள் பயந்துபோய், "ஜெயா, ஜெயா, தண்ணி குடி" என்று எழுந்துவந்தார்.

"அண்ணி," என்றேன், மூச்சு வாங்க, "அது அவ இல்ல. அவன்."

"இன்னா?"

ஈரத்துணியிலிருந்து இரண்டு பூவையும் எடுத்து அவர் உள்ளங்கையில் கவிழ்த்து வைத்தேன். வாடித்தான் போயிருந்தது, ஆனால் அடிப்பக்கம் நன்றாகத் தெரிந்தது. காய் ஒட்டியது பெண், காம்பு மட்டும் இருப்பது ஆண் என்று சொன்னேன். நம் பந்தல் முழுக்கத் தேடினாலும் ஒரு பெண் பூ கிடைக்காது என்றேன். கேட்டில் நின்ற நந்தினி, "ஆமாங்க, அது ஆண் கொடிதான்" என்று குரல் கொடுத்தாள். வாத்தியாரம்மா சொன்னதற்கு அப்பீல் ஏது? ஜானகியம்மாள் பந்தலிலிருந்து ஒரு பூவைப் பறித்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு இன்னொன்று. பிறகு வேலியோரம் நின்ற எல்லோரும் ஆளுக்கொரு பூவைத் திருப்பிப் பார்த்தார்கள்.

நாத்தனாருடைய அரிவாள் தானாகக் கீழே இறங்கியது.

"அட பாவமே! ஆம்பளையா?" கொடியின் தண்டைத் தடவிக் கொடுத்தார். "அப்ப அது இன்னா பண்ணும், பாவம். அது மேல ஏது தப்பு?"

"மாப்பிள்ளைக்குப் போயி செருப்பக் கட்டிட்டேனே!" என்று ஜானகியம்மாள் ஓடிப்போய்ப் பந்தல் காலிலிருந்து செருப்பை அவிழ்த்தார். வடக்குத்தில் நல்ல பெண் கொடி இருக்கிறதாமே, ஒரு தண்டு கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டால் போதுமே என்றார் ஒருவர். வளர்பிறையில் வையுங்கள் என்றார் இன்னொருவர். ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் மலடியாக இருந்தது, மாப்பிள்ளையாகி, பெண் பார்க்கும் வரைக்கும் போய்விட்டது. எல்லோரும் சிரித்தார்கள். நாத்தனாரும் சிரித்தார்.

எனக்குத்தான் சிரிப்பு நின்றுபோய்விட்டது.

அந்தப் 'பாவம்' என்ற வார்த்தைதான் காரணம். எவ்வளவு சீக்கிரம் வந்துவிட்டது அது! ஆண் என்று தெரிந்த அடுத்த மூச்சிலேயே அதன்மேல் தப்பு இல்லை. எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. கோபம்தான் முதலில் வாயைப் பிடித்தது.

"அண்ணி, ஆம்பளைன்னு தெரிஞ்சதும் அருவாள கீழ போட்டுட்டீங்க. இத்தினி நாளும் ஒரு பூவைத் திருப்பிப் பாக்க உங்க யாருக்கும் தோணல. எனக்கும்தான் தோணல. பொம்பளைன்னு முடிவு பண்ணிட்டோம், கொறையும் அங்கியே முடிஞ்சுபோச்சு. மோரு ஊத்தினோம், செருப்பு கட்டினோம், மலடின்னோம். திருப்பிப் பாக்க மட்டும் செய்யல."

நாத்தனார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீ கொடியத்தானே சொல்ற?"

"கொடியத்தான் அண்ணி சொல்றேன். நீங்க கொடியச் சொன்னீங்க பாருங்க, அதே மாதிரி."

நாத்தனாருக்கு முகம் சிவந்தது. "இன்னாடி ஜாடை பேசற? எந்தம்பிக்கு இன்னாடி கொற? கல்லு மாதிரி இருக்கான்!"

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பந்தலுக்கு அடியிலிருந்து அவர் பேசினார். கையில் ஒரு பூவை வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே, நிமிராமல் பேசினார்.

"அது யாருக்கும் தெரியாதுக்கா. நான் இன்னும் போயிப் பாக்கல. டாக்டரு ஒவ்வொரு வாட்டியும் என்னத்தான் வரச் சொன்னாரு. இவ சொல்லிகினுதான் இருந்தா. நான்தான் பயந்துகினு போவல."

பதினாறாம் பிளாக் பெண்கள் அத்தனை பேரும் கேட்க, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, ஒரு ஆண் இதைச் சொன்னார். அவர் காது மடல் ரெண்டும் சிவந்துவிட்டது. எனக்கு அவரை அப்படியே கட்டிப் பிடித்துக்கொள்ளலாம்போல இருந்தது. இத்தனை பேர் நிற்கிறார்களே என்று விட்டுவிட்டேன். ஜானகியம்மாள் மணைப்பலகையை எடுத்துக்கொண்டு, "வாங்கடி, அவங்கவங்க வூட்டு ஒலய பாக்கலாம்" என்று எல்லோரையும் கிளப்பினார். நாத்தனார் அரிவாளைத் தலையணை உறைக்குள் போட்டு முடிச்சுப் போட்டார். அவிழ்த்து மறுபடியும் போட்டார். சாப்பிட்டுவிட்டுத்தான் போனார், ஆனால் குழம்பில் உப்பு குறைவு என்று கூடச் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை அவருக்கு மத்தியான ஷிஃப்ட். காலையில் நான் எழுப்பவில்லை. அவரே எழுந்து குளித்தார். சவரம் பண்ணும்போது தாடையில் வெட்டிக்கொண்டார். மெடிக்கல் புக்கைச் சட்டைப் பையில் வைத்தார், எடுத்துப் பார்த்தார், மறுபடி வைத்தார். சைக்கிளில் என்னைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு மிதித்தார். வழியில் ஒரு மைன்ஸ் பஸ் எங்களைக் கடந்து போனது. அதற்குள்ளிருந்து யாரோ "லூர்து!" என்று கூப்பிட்டார்கள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. எங்கே பாதியில் சைக்கிளைத் திருப்பிவிடுவாரோ என்று கேரியர் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டே போனேன்.

சீட்டு போடும் ஜன்னலில் வழக்கமான ஆள்தான் இருந்தார். என்னை அவருக்கு நன்றாகத் தெரியும். தெரியாமல் எப்படி இருக்கும்? ஜன்னலில் என் முகத்தைப் பார்த்ததுமே சீட்டை இழுத்து எழுத ஆரம்பித்துவிட்டார்.

"ஜெயசெல்விதானே? வாங்கம்மா. இந்த வாட்டி என்ன?"

பழக்க தோஷம், நானும் குனிந்து பதில் சொல்லப் போனேன். பின்னாலிருந்து அவர் கை என் தோளைத் தொட்டு மெதுவாக நகர்த்தியது. அவர் ஜன்னலுக்குள் தலையை நீட்டினார்.

"பேரு மாத்தி எழுதுங்க சார். லூர்துசாமி. பேஷன்ட் நான்தான். அவங்க எனக்குத் துணைக்கு வந்திருக்காங்க."

எழுதிய சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு அந்த ஆள் வேறொன்று எடுத்தார். நான் போய்ச் சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்தேன். அந்தப் பெஞ்சில் நான் எத்தனையோ தடவை உட்கார்ந்திருக்கிறேன். துணைக்கு வந்தவளாக உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.